கீழ்க்கண்ட மண்டபத்தில்

சம்பந்தம் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையில் பிழை இருக்காது. ராஜகீழ்ப்பாக்கத்தில் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். அவர்கள் எல்லோரிடமும் சம்பந்தமே அதைச் சொல்லியிருக்கிறார்.

அவருடைய சித்தப்பா மகன் தினகரன் வீட்டில் அப்படியில்லை. பதினைந்து வருடத்துக்கு முன்னால் தினகரன் தன் மகன் கல்யாணத்துக்கு அடித்த பத்திரிகையில், காலை ஆறு மணி முகூர்த்தம் மாலை ஆறு மணி என்று வந்துவிட்டது. அன்று மாலை பட்டுப்புடவையும் பரிசுப் பொட்டலமுமாக எண்பது பேர் மண்டபத்துக்கு வந்து நின்றபோது, அங்கே இரண்டு பேர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தரை கழுவிக்கொண்டிருந்தார்கள். இந்தக் கதையைச் சம்பந்தம் எந்தக் கல்யாணப் பந்தியிலும் சொல்லாமல் விட்டதில்லை. இலையில் ரசம் விழும்போது ஆரம்பிப்பார். மோர் வரும்போது முடிப்பார். தினகரன் அதே பந்தியில் இருந்தால் குரலைக் கொஞ்சம் உயர்த்துவார்.

ஆகவே கடைசி மகள் சந்திரிகாவுக்கும் பல்லாவரத்துப் பிரணவுக்கும் நிச்சயமானதும், மண்டபம் பிடிக்கும் வேலையை மகன் சிவகுமாரிடமும், சமையல்காரர் பொறுப்பை மனைவி கங்கையம்மாளிடமும் விட்டுவிட்டு, பத்திரிகையைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். சோறு குழைந்தால் அந்த வேளையோடு போய்விடும். பெயர் முன்பின்னாகப் போனால் மூன்று தலைமுறைக்குப் பேசுவார்கள்.

இருபத்திரண்டு நாள் உழைத்தார். யார் பெயருக்கு முன்னால் யார் பெயர், யாருக்கு எந்தப் பட்டம், போய்ச் சேர்ந்தவர்களில் யாருக்கு முதல் வரி என்று நாற்பத்திரண்டு பெயர்களையும் வரிசைப்படுத்தி முடித்தபோது, மேடவாக்கத்திலிருந்து அத்தை அபிதகுஜாம்பாள் போன் செய்தாள். குடும்பத்தில் இருப்பவர்களிலேயே மூத்தவள். வயது எண்பத்தொன்று.

"என் பேரு இல்லாத கல்யாணத்துக்கு நான் எதுக்குப்பா வரணும்? நீங்களே நடத்திக்குங்க."

கிழக்குத் தாம்பரத்தில் அச்சகம் வைத்திருக்கும் தனசிங், உள்ளே ஒரு வரிக்குக்கூட இடமில்லை என்றார். அதிலும் அந்த அம்மாள் பெயர் அரை வரிக்கு நீள்கிறது என்றார். சம்பந்தம் அவருக்கு ஒரு குரல் பதிவு அனுப்பினார். அரை மணி நேரத்தில் அத்தைக்கு வரி கிடைத்துவிட்டது.

கடைசி மாதிரி குடும்பத்து வாட்ஸ்அப் குழுவுக்கு வந்தது. பதினோரு பேர் பார்த்தார்கள். ஒவ்வொருவரும் இரண்டு விரலால் தன் பெயரைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுக் கட்டைவிரல் காட்டினார்கள். மாப்பிள்ளை வீட்டார் இனிஷியல்களைப் பார்த்துக் கட்டைவிரல் காட்டினார்கள். ஆயிரத்து இருநூறு பத்திரிகை அச்சாகி வந்தது. முதல் பத்திரிகையை மாடம்பாக்கத்துச் சிவன் கோயிலில் வைத்துப் பூஜை செய்தார்கள். இரண்டாவது, முறைப்படி, முதல் பங்காளியான தினகரனுக்கு. கீழ்க்கட்டளைக்குப் போய் வெற்றிலை பாக்குத் தட்டோடு கொடுத்தார்கள். தினகரன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகு நேரம் பார்த்தார்.

"சூப்பரா கீதுண்ணா" என்றார்.

"நம்ம வீட்டுப் பத்திரிகை" என்றார் சம்பந்தம். மேலே ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை.

இதற்கிடையில் சிவகுமாரின் மகள், இரண்டாம் வகுப்பு படிக்கும் தேவதர்ஷினி, வீட்டில் ஒரு தொல்லையைத் தொடங்கியிருந்தாள். அவளுடைய வகுப்பு ஆசிரியை அமலராணி அந்த மாதம் கதைப் புத்தகங்களை மூட்டை கட்டி வைத்துவிட்டு, தகவல் படிக்கச் சொல்லிக் கொடுக்கிறாராம். கதையை முதல் வரியிலிருந்து படிக்க வேண்டுமாம்; தகவலைக் கேள்வியிலிருந்து படிக்க வேண்டுமாம். முதலில் கேள்வி, பிறகு விரல், பிறகு பதில். எந்தப் பதில் சொன்னாலும் அது எங்கே எழுதியிருக்கிறது என்று விரல் வைத்துக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் அது பதில் இல்லை.

குழந்தை பால் பாக்கெட்டில் விரல் வைத்தாள். கேஸ் சிலிண்டரில் விரல் வைத்தாள். கங்கையம்மாள் வாயில் ஊற்றிக்கொள்ள இருந்த இருமல் மருந்தில் விரல் வைத்து, "பாட்டி, இது போன மாசமே முடிஞ்சிடுச்சு" என்றாள்.

"பாத்தியா, டாக்டருக்குப் படிக்கிறவ மாதிரி" என்று கங்கையம்மாள் மருந்தைக் கீழே கொட்டினாள்.

"புத்தகம் படிக்கச் சொன்னா புட்டியைப் படிக்குது" என்றார் சம்பந்தம். "இதுக்கு ஃபீஸ் வேற."

"நீங்க காலண்டர்ல ராகு காலம் பாக்கிறீங்களே, அது என்ன கதையா?" என்றாள் கங்கையம்மாள். எங்கே விரல் வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

பத்திரிகை கொடுக்கத் தொடங்கி ஐந்தாம் நாள், அறுபது வீடு முடிந்திருந்தது. அமலராணிக்கும் ஒன்று கொடுக்க வேண்டும் என்று குழந்தை கேட்டாள். பேத்தியின் ஆசிரியைக்கு அந்த வீட்டின் தலைவரே நேரில் கொடுப்பதுதான் மரியாதை என்று சம்பந்தம் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனார்.

வகுப்பு வாசலில் நின்றவருக்கு நெஞ்சு விம்மியது. குழந்தைகள் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். ஒரு கூட்டத்தின் நடுவில் மாத்திரை அட்டை. இன்னொன்றில் பஸ் நேர அட்டவணை. மூன்றாவதில் அவர் வீட்டுப் பத்திரிகை, ஒன்றல்ல, நான்கு. தேவதர்ஷினி வீட்டிலிருந்த பத்திரிகைக் கட்டிலிருந்து உருவி வந்திருக்கிறாள். கரும்பலகையில் 'யார்? என்ன? எப்போது? எங்கே?' என்று பெரிதாக எழுதியிருந்தது. குழந்தைகள் பத்திரிகையைச் சுற்றிக் குனிந்து விரல் வைத்துப் படித்துக்கொண்டிருந்தார்கள். அவ்வளவு கவனமாக அதை யாரும் படித்து அவர் பார்த்ததில்லை.

"மொத்தம் நாப்பத்து மூணு பேர் மிஸ்" என்றாள் சுஜி என்ற சிறுமி.

சம்பந்தம் வாசலிலேயே தலையசைத்தார்.

"மிஸ், 'எங்கே'க்கு விரல் வைக்க முடியல" என்றான் ஸ்டெபின் என்ற பையன். முன்பல் இரண்டும் விழுந்தவன்.

"நல்லாத் தேடு. தலைப்பைப் பாரு, அப்புறம் அடியில பாரு" என்றார் அமலராணி.

"'கீழ்க்கண்ட மண்டபத்தில்'னு போட்டிருக்கு மிஸ். அப்ப கீழதான இருக்கணும்?"

"கீழே என்ன இருக்கு?"

ஸ்டெபின் எழுத்துக் கூட்டினான். "அ-பி-த-கு-ஜாம்-பாள்." நிமிர்ந்தான். "அது எங்க மிஸ் இருக்கு? ஏ.சி. மண்டபமா?"

சம்பந்தம் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார். "அது மண்டபம் இல்லப்பா. எங்க அத்தை."

"அப்ப மண்டபம் எங்க தாத்தா?"

"அதான் போட்டிருக்கே."

"விரல் வைங்க தாத்தா" என்றாள் அவருடைய சொந்தப் பேத்தி.

சம்பந்தம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பிள்ளையாரில் விரலை வைத்தார். விரல் இறங்கியது. மாப்பிள்ளையைக் கடந்தது, மணமகளைக் கடந்தது, 'கீழ்க்கண்ட மண்டபத்தில்' என்ற இடத்தில் நம்பிக்கையோடு சற்று நின்றது, பிறகு அப்பா, பெரியப்பா, சித்தப்பா, மாமா, மச்சான் என்று ஒவ்வொரு வரியாகப் படி இறங்கி, அத்தையைக் கடந்து, 'தங்கள் நல்வரவை நாடும் உற்றார் உறவினர்' என்பதையும் கடந்து, அட்டையின் ஓரத்திலிருந்து பெஞ்சு மேல் விழுந்தது.

அமலராணி கரும்பலகைப் பக்கம் திரும்பி, அழிக்க வேண்டாததையெல்லாம் அழிக்க ஆரம்பித்தார். அவர் தோள் இரண்டும் லேசாகக் குலுங்கின.

பள்ளி விட்டதும் சம்பந்தம் பேத்தியை ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு நேராகத் தனசிங்கின் அச்சகத்துக்குப் போனார். வழியெல்லாம் திட்டுவதற்கான சொற்களைத் தேர்ந்து வைத்திருந்தார். அதில் ஒன்றுகூட வெளியே வரவில்லை. தனசிங் போனை எடுத்து மேசைமேல் வைத்துத் தட்டினார். சம்பந்தத்தின் குரல் கணீரென்று வந்தது.

"தனசிங், கீழே பொடி எழுத்துல ஏதோ நாலு வரி போட்டிருக்கியே, அதை எடுத்துடு. எவன் அதைப் படிக்கப் போறான்? பேர்ல மட்டும் கை வச்சிடாதே."

"அது மண்டபத்து அட்ரஸ் சார்னு திரும்ப மெசேஜ் போட்டேன்" என்றார் தனசிங். "நீங்க கட்டைவிரல் போட்டீங்க. இதோ இருக்கு சார்."

"அங்கிள், இன்னொரு தடவை போடுங்க" என்றாள் தேவதர்ஷினி. நோட்டைத் திறந்து பென்சிலோடு உட்கார்ந்திருந்தாள்.

கல்யாணத்துக்குப் பதினெட்டு நாள் இருந்தது. முகூர்த்த மாதம், அதே அட்டை வர இரண்டு வாரம் ஆகும் என்றார் தனசிங். ஆனால் சம்பந்தத்தை வாட்டியது அட்டை இல்லை. அறுபது வீட்டில் ஒரு வீடு கீழ்க்கட்டளையில் இருந்தது. அந்தப் பத்திரிகை தினகரன் வீட்டில், எந்த நிமிஷமும் படிக்கப்படலாம் என்ற நிலையில் கிடந்தது. பதினைந்து வருடமாக ரசத்தோடு ஆரம்பித்த கதைகளையெல்லாம் அவர் எண்ணிப் பார்த்தார். ஒவ்வொன்றும் இப்போது தினகரன் பக்கத்து இலையில் பரிமாறப்படுவதைப் போலிருந்தது. அன்று சாயங்காலம் தினகரனிடமிருந்து போன் வந்தபோது கடைசி மணி வரை விட்டு எடுத்தார். தினகரன் கேட்டது வேறொன்றுமில்லை, மாப்பிள்ளைக்கு மோதிர அளவு.

மறுநாள் அமலராணிதான் வழி சொன்னார்.

"வழித்தாள் ஒண்ணு பிள்ளைங்களே செய்யட்டும் சார். மண்டபம் எங்க, எப்படிப் போகணும், எங்க வண்டி நிறுத்தணும்னு. இவங்க எழுதுறதை ஆயிரம் பேர் பயன்படுத்தினா அதைவிடப் பாடம் வேற இல்ல. பத்திரிகைக்குள்ள வச்சிடுங்க. குழந்தைங்க ஆசைப்பட்டுச் செஞ்சதுன்னு சொல்லிக்கலாம்."

சம்பந்தத்துக்கு மூச்சு வந்தது. கொடுத்த வீடுகளுக்கும் மறுபடி போகலாம். குழந்தைகளின் தாள் என்பதால் அது கௌரவம்தான்.

"ஒண்ணு சார். அவங்க எழுதுறதை நான் மாத்த மாட்டேன். தப்பா இருந்தாத்தான் சொல்வேன்."

"அது போதும் டீச்சரம்மா. தப்பு இருக்கக் கூடாது. அதுதான் முக்கியம்."

அந்தச் சனிக்கிழமை இருபது குழந்தைகளும் வரிசையாக ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலிலிருந்து மாடம்பாக்கம் ரோட்டில் நடந்து அடி எண்ணினார்கள். எந்தக் கடைக்கு அடுத்து எந்தக் கடை, எந்த இடத்தில் திரும்ப வேண்டும், எந்தத் தெருவில் நாய் படுத்திருக்கிறது என்று எழுதினார்கள். வரைபடம் போட்டார்கள், ஒவ்வொரு படத்துக்கும் கீழே அது என்ன என்று ஒரு வரி எழுதினார்கள். நாய் இடம் மாறலாம் என்று அமலராணி சொன்னதால் அதை மட்டும் எடுத்துவிட்டார்கள்.

தாள் முடிந்து சம்பந்தம் கைக்கு வந்தது. மேலே பட்டையான எழுத்தில் 'சம்பந்தம் தாத்தா வீட்டுக் கல்யாணத்துக்கு வழி' என்று இருந்தது. அவர் அந்தப் பெயரை எழுத்தெழுத்தாகப் பார்த்தார். 'ம்' விடுபடவில்லை. அளவும் நன்றாக இருந்தது.

"முழுசா ஒரு தடவை படிச்சுடுங்க சார். பின்பக்கமும்" என்றார் அமலராணி.

"பாத்துட்டேன். பிரமாதம். அடிக்கச் சொல்லிடலாம்."

அமலராணி தாளின் பின்பக்கத்தை ஒருமுறை திருப்பிப் பார்த்துக்கொண்டார். பிறகு, "சரி சார்" என்றார்.

ஆயிரத்து இருநூறு தாள் வந்ததும் முதல் தாள் கீழ்க்கட்டளைக்குத்தான் போயிற்று. சம்பந்தம் தேவதர்ஷினியையும் கூட்டிக்கொண்டு போனார். குழந்தை இருந்தால் பேச்சு குழந்தையைச் சுற்றியே போகும் என்பது கணக்கு. தினகரன் வீட்டு ஷோகேஸில் பொம்மைகளுக்கு நடுவே பத்திரிகை நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் ஒரு ஸ்கேல் கிடந்தது.

"அது எதுக்குப்பா ஸ்கேல்?"

தினகரன் தலையைச் சொறிந்தார். "உன் பேரும் என் பேரும் ஒரே சைஸான்னு வச்சுப் பாத்தேண்ணா. சமமாத்தான் கீது. ரொம்ப சந்தோஷம்."

"அவ்வளவுதான் பாத்தியா?"

"வேற இன்னா பாக்கணும்?"

சம்பந்தத்துக்குக் கைகால் லேசாயின. பத்து நாள் வேதனையும் வீண். இவன் தன் பெயரை மட்டுமே பார்த்திருக்கிறான். முதுகை நேராக்கி, வழித்தாளை நீட்டினார். "பிள்ளைங்க ஆசைப்பட்டுச் செஞ்சது. சும்மா ஒரு அழகுக்கு."

தினகரன் வரைபடத்தை ரசித்துப் பார்த்தார். "பெட்ரோல் பங்க்கூட போட்டுகீதுங்க. யாரும்மா போட்டது?"

"நானும் ஸ்டெபினும். பின்பக்கமும் இருக்கு தாத்தா. தகவல் புக்ல ஒரு பெட்டி வரும்ல, அந்த மாதிரி."

தினகரன் திருப்பினார். நடுவில் கட்டம் கட்டிய பெட்டி. அவர் உரக்கப் படித்தார், ஒவ்வொரு வார்த்தையாக.

"'உங்களுக்குத் தெரியுமா? கல்யாணப் பத்திரிகையில் நாற்பத்து மூன்று பெயர்கள் உள்ளன. மண்டபத்தின் பெயர் இல்லை. அத்தை பாட்டியின் பெயருக்காக அதை எடுத்துவிட்டார்கள். அதனால்தான் இந்தத் தாளைச் செய்தோம். ஆதாரம்: பத்திரிகை, சம்பந்தம் தாத்தாவின் குரல் பதிவு.'"



தினகரன் எழுந்து ஷோகேஸிலிருந்து பத்திரிகையை எடுத்து வந்தார். "எப்படிம்மா பாக்கணும், விரல் வச்சா?" என்று கேட்டுக்கொண்டு பிள்ளையாரிலிருந்து தொடங்கினார். 'கீழ்க்கண்ட மண்டபத்தில்' வந்தது. கீழே போனார். அத்தை வரை போனார். அங்கே நின்றுவிட்டார். அவர் உடம்பு மொத்தமும் சத்தமில்லாமல் குலுங்கியது. கண்ணாடி மூக்கிலிருந்து இறங்கி மடியில் விழுந்தது.

"சிரிச்சுக்கோ" என்றார் சம்பந்தம். "பதினஞ்சு வருஷத்துப் பாக்கி."

தினகரன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அண்ணா, என் பையன் பத்திரிகையில காலை எப்படி மாலையாச்சுன்னு நீ ஒரு தபா கூட கேக்கல. ப்ரூஃப் வந்தப்ப உன் பேரு மூணாவது வரில போயிருந்துது. எங்கப்பா வூட்டையே ரெண்டாக்கிட்டாரு. 'பெரியவன் பேரு மேல வரலைன்னா கல்யாணமே வேணாம்'னாரு. உன் பேரை மேல ஏத்துறதுலயே நாலு ப்ரூஃப் போச்சு. நேரத்தை எவன் பாத்தான்?"

சம்பந்தத்துக்கு இது தெரியாது. அந்தப் பத்திரிகையில் தன் பெயர் முதல் வரியில் இருந்தது மட்டும் நன்றாக ஞாபகம் இருந்தது. வேறு எதையும் அவரும் அப்போது பார்க்கவில்லை. மாலை ஆறு மணிக்கு வந்து நின்ற எண்பது பேரில் அவரும் ஒருவர். அதை மட்டும் பந்திகளில் சொல்லாமல் விட்டுவிடுவார்.

தினகரன் குரலைத் தாழ்த்தினார். "பேஜாரே வேணாம்ணா. பின்பக்கம் வெள்ளைத்தாள் ஒட்டிடலாம். ரெண்டு நாள் வேலை. நானே பசங்களை வச்சு ஒட்டித் தரேன். வெளில ஒரு வார்த்தை போவாது."

அவர் நிஜமாகவே சொன்னார். சம்பந்தம் தாளை வாங்கினார்.

"ஏன் ஒட்டணும்?" என்று தேவதர்ஷினி கேட்டாள். "அதுல தப்பு இருக்கா தாத்தா?"

சம்பந்தம் அந்தத் தாளை முன்பக்கம் தலைப்பிலிருந்து பின்பக்கம் ஆதாரம் வரை விரல் வைத்துப் படித்தார். பத்திரிகை வேலை தொடங்கிய நாளிலிருந்து ஒரு தாளை அவர் முழுதாகப் படித்தது அதுவே முதல் முறை. சிக்னல் சரி. பெட்ரோல் பங்க் சரி. நாற்பத்து மூன்று சரி. மற்றதும் சரிதான்.

"தப்பு இல்லை" என்றார். முதுகு தானாக நிமிர்ந்தது. "நம்ம வீட்டுத் தாள். பிழை இல்லாத தாளை எதுக்கு ஒட்டணும்? இப்படியே போகட்டும்."

கல்யாணத்தன்று விடியற்காலை ஐந்தரைக்கே மண்டபம் நிரம்பிவிட்டது. ஒருவரும் வழி தவறவில்லை. எல்லோர் கையிலும் தாள் இருந்தது. எல்லோரும் பின்பக்கத்தைத்தான் மேலே வைத்திருந்தார்கள். அபிதகுஜாம்பாள் முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தன்னால் மறைந்த மண்டபத்தைத் திருப்தியோடு சுற்றிப் பார்த்தாள். ஸ்டெபினை அவளிடம் அழைத்துப் போய்க் காட்டினார்கள். அவன் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஏ.சி. இல்ல" என்று தேவதர்ஷினியிடம் சொன்னான்.

முதல் பந்தியில் சம்பந்தத்துக்கு எதிர் இலையில் தினகரன் உட்கார்ந்தார். பக்கத்தில் பல்லாவரத்துச் சம்பந்திகள். இலையில் ரசம் விழுந்தது. தினகரன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, குரலைக் கொஞ்சம் உயர்த்தினார்.

"எங்க அண்ணன் ஒரு பத்திரிகை அடிச்சாரு பாருங்க. நாப்பது பேர் போட்டாரு..."

சம்பந்தம் சாதத்தில் குழி செய்துகொண்டிருந்தவர், தலையை நிமிர்த்தவில்லை.

"நாப்பத்து மூணு" என்றார். "சொல்றதைச் சரியாச் சொல்லு. பின்பக்கம் போட்டிருக்கு, விரல் வச்சுப் பாரு."